மூன்றாம் இதழின் கதவு

மழையோடு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நனைந்த தோல் வாடை வருகிறது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறேன்.

பேகம்பூரில் அத்தாவுக்குத் தோல் குடோன் இருந்தது. அங்கிருந்துதான் ஒரு சிற்றிதழ் நடத்தினார். அச்சாகி வந்த பிரதிகள் சுருளாமல் இருக்கத் தோல் கட்டுகளுக்கு அடியில் வைப்பார். "கவிதையிலகூட ஆட்டு வாடை அடிக்குதே பாய்" என்று வாசகர்கள் சிரிப்பார்கள்.

அம்மா தன் கணவரின் அந்த இதழில் தொடர்கதை எழுதினாள். மூன்றாம் இதழில், தனியாக இருக்கும் ஒருத்தியின் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் தாழ்ப்பாளைத் தொடுகிறாள். 'தொடரும்' என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு அத்தாவால் இதழைக் கொண்டுவர முடியவில்லை.

"தட்டுனது யாரும்மா?" என்று நச்சரிப்பேன்.

"எழுதுனாத்தானே எனக்கே தெரியும்."

அவள் எழுதவே இல்லை.

அத்தா மௌத்தாகி அடக்கமான பல வருடங்கள் கழித்து, இந்த நாகல் நகர் வீட்டில் அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒரு மத்தியானம், "யாரோ தட்டுறாக, செத்த தெற" என்றாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் திறந்தேன். வாசலில் யாருமில்லை. தோல் வாடை மட்டும் உள்ளே வந்தது.

அம்மா என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு வருசமா வெளியவா நின்னீக?" என்றாள்.

அம்மாவும் போய்விட்ட வீட்டில், இப்போது மறுபடியும் தட்டுகிறார்கள்.