புரூஃபில் விழுந்த சிவப்புக் கோடு

ஆமத்தூர் நாகஜோதியிடம் வாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா தப்பிப் போனவர் யாரும் இல்லை. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தீ தின்ற முகம். ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்ததில் வந்தது. புதிதாக வந்தவர் யாராவது உற்றுப் பார்த்தால், "என் முகத்தப் பாத்தா பசி ஆறாது, இட்லியப் பாத்துச் சாப்பிடுங்க" என்பாள். அப்புறம் அந்த ஆள் தலை நிமிர்வானா?

முதல் புருஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு நாள் வந்தான். கட்டில் பக்கம்கூட வரவில்லை, வாசலோடு திரும்பினான். அடுத்து அவனிடமிருந்து வந்தது வக்கீல் நோட்டீஸ்தான். பாவி! அழுது முடித்து, ஆபரேஷன்களும் முடித்து, அடுப்பைக் கண்டாலே நடுங்கிய கையை மெல்ல மெல்லப் பழக்கி, அவளாகவே வண்டி போட்டாள்.

வெள்ளைத்துரை சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்ப்பவர்; அச்சேறும் முன்னால் மாதிரித் தாளில் தப்பைச் சிவப்புக் கோடு அடித்துத் திருத்துகிற வேலை. மனைவியை இழந்தவர். ஏதோ சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று நாள் வந்துபோனவர், சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் நாலாம் நாள் இட்லிக்கு வந்தார். ஐந்தாம் நாளும் வந்தார். நாகஜோதிக்குப் புரியாதா என்ன? "என்ன விசயம், நேராச் சொல்லுங்க" என்றாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை என்று சொன்னார். அவள் முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டி, நல்ல வெயிலில் போய் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. பெறகு பேச்சு மாறக் கூடாது."

"அதான் தெனமும் பாக்கேன்ல" என்றார் அவர்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் கால் சறுக்கியது.

பத்திரிகையில் பெண் மாப்பிள்ளை இருவர் படமும் வரும். வெள்ளைத்துரையின் அச்சகத்தில் டிசைன் போடும் விக்னேஷ்குமார் அவள் படத்தை வாங்கிக்கொண்டு, "யக்கா, முகத்தக் கொஞ்சம் சரி பண்ணிரவா? ரெண்டு நிமிச வேல" என்று கேட்டான். வேறொரு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அன்றைக்கு என்னவோ, முதல் புருஷன் தெருவுக்கும் இந்தப் பத்திரிகை போகுமே என்ற நினைப்பு. "பண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

செல்போனில் படம் வந்தது. தழும்பு இல்லை, இழுத்துப் பிடித்த கழுத்து இல்லை, சுருங்கிய இமை இல்லை. கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. வெள்ளைத்துரை இதைப் பார்ப்பாரே! இப்படி ஒருத்தி அமைந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்? அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க அவளால் ஆகாது. அவசரமாக விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள். "புரூஃப் வெள்ளைத்துரை அண்ணாச்சி மேசைக்குப் போயிருச்சேக்கா" என்றான்.

சாயங்காலம் வெள்ளைத்துரையே போன் செய்தார். குரலில் கோபம்.

"இந்த விக்னேஷ் பயலுக்கு வேலையில கவனமே இல்ல. சீசன் நேரம்னு வேற ஆர்டர் படத்தத் தூக்கி நம்ம பத்திரிகையில வச்சிருக்கான். யாரோ ஒரு பொண்ணு! செவப்புல கோடு அடிச்சு, ஆள் மாறியிருக்குன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். நீ உன் படத்த இன்னொருக்க அனுப்பு."

நாகஜோதி கேட்டாள்: "நல்லாப் பாத்தீகளா?"

"பாக்கிறதுதான என் பொழப்பே? இருவது வருசமாப் பாக்கேன். இது நீ இல்ல, ஜோதி."

வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப, அடிச்ச கோட்ட என்ன செய்ய?" என்று கேட்டார் அவர்.

"இருக்கட்டும்" என்றாள் நாகஜோதி. "தப்பத்தான அடிச்சிருக்கீக."