டயாலிசிஸுக்குப் போகும் பழக்கடைக்காரன்

பழ வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: வாங்க வருகிறவர், "இனிக்குமா? நீங்க ஒண்ணு தின்னு காட்டுங்க" என்பார், நாமும் தின்று காட்டியே ஆக வேண்டும்.

ஐந்தருவி போகிற ரோட்டில் எனக்கு ஒரு பழக்கடை. ரம்புட்டான், மங்குஸ்தான், பலா, துரியன் எல்லாம் இருக்கும். பல வருஷமாகக் கூடவே இருந்த சர்க்கரை, இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, என் தொழில் என்னவென்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதை எவ்வளவு தின்னலாம், எதைத் தொடவே கூடாது என்று என் கடைப் பழங்களை ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகுதான் அனுப்பினார். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் தென்காசி ஆஸ்பத்திரி, மீதி நாள் குற்றாலம். என்னைப் போலப் புதிதாக அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவர்களே, உங்களோடு பேசத்தான் இதை எழுதுகிறேன்.

துண்டைக் கடித்த கதை

ஆரம்பத்தில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். முதல் நாள் பயத்திலேயே போய்விட்டது. அடுத்த முறை, முடியப்போகிற நேரத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. காலை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. சுற்றிலும் எல்லாரும் அமைதியாகப் படுத்திருந்தார்கள். நாம் மட்டும் கத்தினால் நன்றாகவா இருக்கும்? தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து அண்ணாச்சி. சுரண்டைக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "சிஸ்டர்! இங்கன வாங்க, இவரு துண்டைத் திங்காரு!" என்று வார்டே அதிரக் கத்திவிட்டார். சிஸ்டர் ஓடி வந்து மெஷினில் ஏதோ குறைத்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கால் இளகியது. உடம்பில் நீர் அதிகம் சேர்ந்து, அதை வேகமாக எடுக்கும்போது இப்படி இழுக்குமாம். லேசாக இழுக்க ஆரம்பித்ததுமே சொல்லிவிட வேண்டுமாம். சிஸ்டர் போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"பட்டாளத்துலயே அடிபட்டா 'எம்மா'ன்னுதாம்வே கத்துவோம். இங்கன படுத்துக்கிட்டு நீரு யாருக்கு வீரம் காட்டுதீரு?"

உப்பில்லாத குழம்பு

வலியைக்கூடத் தாங்கலாம், தாகம் இருக்கிறதே! சீசனில் என் கடைவரைக்கும் சாரல் அடிக்கும். சட்டை நனையும், தலை நனையும், நாக்கு மட்டும் காய்ந்து கிடக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று என் மனைவி செல்வி பாட்டிலில் அளந்து கொடுத்த தண்ணீரை ஒருநாள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, அதற்கு மேலும் வாங்கிக் குடித்தேன். மறுநாள் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி நேரம் வரக் காத்திருந்தேன்.

தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் வீட்டை விட்டுப் போயின. தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்புவேன். ரொம்ப முடியாதபோது சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன். அதுவும் அன்றைய தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஒரு வாரம் போன பிறகுதான் கவனித்தேன், செல்வியும் அதே உப்புச் சப்பில்லாத குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, உனக்கு என்ன கேடு? நீ நல்லாச் சாப்பிட வேண்டியதுதான?" என்றேன். அவள் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு குழம்பு வச்சா இந்த வீட்ல நீங்க மட்டும் தனியா நோயாளி ஆயிருவீங்கள்லா?"

கைக்குள் ஒரு சத்தம்

கழுத்துக் குழாயை எடுப்பதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவிட்டார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. பலாப்பழம் விற்கிறவனுக்கு இது பெரிய தலைவலி. போதாததற்கு, கடைத் தெருவில் யாரிடமும் நான் நோயைச் சொல்லவில்லை. சீக்காளி கடைப் பழம் என்று ஜனம் ஒதுங்கிப் போய்விடுமோ என்று பயம். கழுத்தைத் துண்டால் மூடினேன், கையை முழுக்கைச் சட்டையால் மூடினேன்.

பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற ஷாஜி, செங்கோட்டைக்காரன். ஒருநாள் நான் ஒற்றைக் கையால் பலாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, என் இடது கையைப் பிடித்தான். உள்ளே ரத்தம் 'கிர்ர்' என்று ஓடுகிற அதிர்வு பட்டு, பிடித்த வேகத்தில் விட்டான். "எந்தா அண்ணாச்சி இது? உள்ள வண்டு பூந்திருக்கா?" இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது அவனுக்கு. பலாவைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு ரோட்டு நடுவில் போய் நின்றான். 'வேண்டாம்டே' என்று நான் சொல்வதற்குள் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தான்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! அண்ணாச்சி இடது கைல இனி ஒருத்தரும் ஒரு எலுமிச்சங்காகூடக் குடுக்கப்பிடாது!"

பிடுங்கிய பை

திருவேங்கடத்தில் இருந்து வேனில் வந்த ஒரு அம்மா, ஸ்டார் புரூட்டாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டார்கள். வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் புளிப்புப் பழம். "எங்க வீட்டுக்காரருக்கு வாயில எதுவும் பிடிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. இப்பத்தான் டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு. இது புளிப்பா இருந்தா ரெண்டு வாய் திம்பாரு" என்றார்கள்.

என்னை அறியாமல் பையைப் பிடுங்கிவிட்டேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டுக்குத்தானே கேக்கேன், சும்மாவா கேட்டேன்?" சட்டைக் கையை மடக்கித் தழும்பைக் காட்டினேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம், மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும், டாக்டர் எனக்கு முதலில் சொன்னதே இதைத்தான் என்றேன். அந்தம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். இதை முன்பே யாரும் சொல்லவில்லையே என்று அழுதார்கள்.

பிறகு வேனில் இருந்து கணவரையும் கூட்டி வந்தார்கள். போலீஸில் ஏட்டு. எடுத்த எடுப்பில் நானும் அவரும் பேசியது அரிப்பைப் பற்றித்தான். எனக்கு இருந்த மாதிரியே அவருக்கும் முதுகெல்லாம் அரிப்பு, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோயில் அது சகஜம், சிஸ்டரிடம் சொல்லுங்கள், சாப்பாட்டோடு போடுகிற மாத்திரையை விடாதீர்கள், எனக்கு அதில்தான் குறைந்தது என்றேன். ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டார்.

"மூட்டைப்பூச்சின்னு நினைச்சு ஸ்டேஷன்ல ரெண்டு நாற்காலியத் தூக்கி எறிஞ்சிட்டேனே அண்ணாச்சி!"

வரமாட்டேன் என்ற நாள்

சீசன் முடிந்து அருவியில் தண்ணீரும் ஆளும் குறைந்த பிறகு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. டயாலிசிஸ் முடிந்து வந்தால் அன்று முழுக்க அடித்துப் போட்ட மாதிரி கிடப்பேன். எழுந்திருக்கும்போது அடுத்த முறை வந்து நிற்கும். ஒரு காலையில் இனிப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். செல்வி கெஞ்சினாள், அழுதாள். சிஸ்டர் போன் செய்தார். நான் அசையவில்லை.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ சத்தம். சுடலைமுத்து அண்ணாச்சி, தன் டயாலிசிஸை முடித்த கையோடு, ஊருக்குப் போகாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது. எனக்குப் புத்தி சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ பாயில் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உமக்காவ வரச் சொல்லல. பக்கத்துக் கட்டில் காலியாக் கிடந்தா எனக்குப் பயமா இருக்குவே. எனக்காவ வாரும்."

மறுநாள் காலையில் போனேன், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். நோயை மறைத்து வைத்திருந்தவரை எனக்கு ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தார், வெளியே சொன்ன பிறகு ஐந்தருவி ரோட்டில் பாதிப்பேர் எனக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள், அதில் முக்கால்வாசிப் பேர் என் கையில் இருக்கிற டீ கிளாஸைப் பிடுங்குகிற டாக்டர்கள்.