கண்ணாடிப் பைக்குள் சுக்கு

இன்று காலை எங்கள் பூனை சுக்குவுக்குத் தடுப்பூசி போட, சின்னமனூரிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் போனேன்.

பூனையை உள்ளே வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும் பை, புதிதாக வாங்கியது. கடையில் வலை வைத்த பையும் இருந்தது, பிளாஸ்டிக் கண்ணாடி வைத்த பையும் இருந்தது. சுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டுமே என்று கண்ணாடிப் பையை எடுத்திருந்தேன்.

ஆனால் வேடிக்கை பார்த்தது பஸ்தான்.

"இங்கன பாருங்க, பூனை!" என்று முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார்கள். ஒருவர் போனை நீட்டிப் படம் எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடியை விரலால் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். எல்லோருக்கும் பிரியம்தான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சீலையம்பட்டி தாண்டியதும் மடியிலிருந்த பைக்குள் குனிந்து பார்த்தேன். சுக்கு மூலையில் ஒடுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துப்பட்டாவால் மூடினேன்.

"ஏம்மா மறைக்கிறீக?" என்றார் போன் வைத்திருந்தவர்.

தட்டிக்கொண்டிருந்த அக்கா விரலை மடக்கிக்கொண்டார். "விடுங்கண்ணே. என்னையப் பொண்ணு பாக்க வந்தாகள்ல, அன்னைக்கு எனக்கும் இப்பிடித்தேன் மூச்சு வாங்குச்சு. யாராச்சும் கதவை மூட மாட்டாகளான்னு இருந்துச்சு."

அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தேனி வருவதற்குள் சுக்குவின் மூச்சு சீராகிவிட்டது.

ஊசி போட்டுத் திரும்பி வந்தாயிற்று. வரும்போது முழுக்க மூடித்தான் கொண்டுவந்தேன், தூங்கிவிட்டது.

கண்ணாடிப் பை வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்களே, அது உங்களுக்குப் பிடித்திருந்ததா, உங்கள் பூனைக்கா?