முட்டை சாரின் முழுக்கோடு

முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கும் அவர் போர்டில் நீள்வட்டகம் என்ற முட்டை போன்ற உருவத்தைப் போட்டுப் போட்டுக் காட்டுவதால், பிள்ளைகள் வைத்த பெயர் முட்டை சார். "முட்டைக்கு ஒரு முனை கூர். நீள்வட்டகத்துக்கு ரெண்டு முனையும் ஒண்ணுதான்" என்று அவர் எத்தனை முறை சொல்லியும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுப்படியில் நின்று கேட்டே அவர் மனைவிக்கு அந்தப் பாடம் மனப்பாடம். மூன்று அச்சு, ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் புள்ளி, புள்ளிகளைத் தொட்டு மூன்று நீள்வட்டம். கண்ணில் படும் பாதிக்கு முழுக்கோடு, பின்னால் மறையும் பாதிக்கு விட்டு விட்டுப் போடும் கோடு.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மிஞ்சியது ஐந்து பேர். அவர்களும் போய்விட்டால் இந்த மனுஷன் எதற்காகக் காலையில் சட்டை மாற்றுவார் என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் போர்டைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "கோடு அறுந்து அறுந்து விழுதுங்க."

"சாக்பீஸ் மட்டம்."

வேறு கடையில் வாங்கி வந்து கொடுத்தாள். அதுவும் மட்டம் என்றார்.

பரீட்சை முடிந்து, அந்த ஐந்து பேரில் ஒரு பெண்ணின் அப்பா மகளோடு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நீங்க போட்ட மாதிரியேதான் போட்டிருக்கா. முன்பக்கமும் மறைஞ்ச கோடா இருக்குன்னு மார்க்க வெட்டிட்டாங்க. அஞ்சு பேருக்கும் அப்படித்தான்."

"நான் அப்படிப் போடவே இல்லையே." அவர் எழுந்து சாக்பீஸை எடுத்தார்.

அச்சுகளை ஸ்கேல் வைத்துப் போட்டார். வளைவு தொடங்கியதும் கை துள்ளியது. சாக்பீஸ் போர்டைத் தொட்டது, விட்டது, தொட்டது. இடக்கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "சார், நான்தான் சரியாப் பாக்கல" என்றாள்.

"இல்லம்மா. போர்டுல இருந்ததைத்தான் போட்டிருக்க."

அப்பா மகளின் தோளைத் தொட்டார். "உடம்பைப் பாத்துக்குங்க சார்."

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாள் மனைவி துவைத்த சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றார்.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். சட்டை அங்கேயே கிடந்தது.