வாள்மீன் தலையோடு பதுளைக் கடைவீதியில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். பத்தாம் நாள், பதுளை வீட்டில் முதன்முதலாக என்னைச் சமைக்கச் சொன்னார் மாமியார். மலைமேல் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த எனக்குக் கடல்மீன் என்றால் கருவாடும் டின் மீனும்தான். புதிதாக எதையாவது செய்து அசத்திவிட வேண்டும் என்று ஆசை.

சந்தையில் மீன்கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து வாள்மீன் துண்டுகளை எடுத்துக் காட்டினார். வளர்ந்த வாள்மீனுக்குச் செதிலும் கிடையாதாம், பல்லும் கிடையாதாம். மீன்கூட்டத்துக்குள் புகுந்து, மூக்கிலிருக்கும் வாளை வீசி, அடிபட்டதைத் தின்னுமாம். அந்த மீனின் தலையை வாளோடு கடை வாசலில் தொங்கவிட்டிருந்தார். கூட வந்த என் கணவரோ எதிரே வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

மிளகைத் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். மாமியார் ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தார். முள் இல்லை. கெட்டிச் சதை, ஓரத்தில் கருஞ்சிவப்பு. தட்டைத் தள்ளிவிட்டார்.

“இது மீனில்ல, மாட்டுக்கறி! இந்த வீட்டு அடுப்புல மாட்டுக்கறியா? நாளைக்கே இவளத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாடா.”

“மீனுன்னு சொல்லித்தான் குடுத்தாங்கம்மா,” என்றார் கணவர், தலை நிமிராமல். அவ்வளவுதான் அவருடைய சாட்சி. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“கொஞ்சம் இருங்க அத்தை,” என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டுக் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வாசலில் தொங்கிய மீன் தலையை அவிழ்த்துக் கொடுத்தார். கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாரமா? தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வாள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் கடைவீதியே ஒதுங்கி வழிவிட்டது. ஒரு சைக்கிள்காரர் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார்.

வீட்டில் போய் மாமியார் முன்னால் இறக்கி வைத்தேன். வெட்டுவாயில் அதே கெட்டிச் சதை, அதே கருஞ்சிவப்பு. அவர் வாளைத் தடவிப் பார்த்தார். தட்டிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“நீயும்தானே கூடப் போன? கட்டுனவளுக்காக ஒரு வார்த்த பேச முடியாதா? வாயில என்ன, கொழுக்கட்டையா?”



அந்த வீட்டில் மருமகள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். மாமியார் தான் உட்கார்ந்திருந்த பலகையை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒக்காரு. மொதல்ல நீ சாப்பிடு, நான் போடுறேன்.”

உட்கார்ந்தேன். அவர் பரிமாறப் பரிமாற, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.