முழங்கையால் அளந்த ரப்பர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது பெரும்பாலும் போய் விழுந்தது என் அக்காவின் தலையில்தான். அவளுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது.

1930களில் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் முன் கண்ணாடியில் விரிசல். சுற்றியிருந்த ரப்பர் பட்டை வரட்டி போலக் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மழை பெய்தால் கீழ்மூலை வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து சுவிச்சு ஒயர்களில் இறங்கும். எஞ்சின் நின்றுவிடும்.

அப்போது ஐப்பசி. என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. முந்தைய பிரசவத்தில் மாட்டுவண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தையை இழந்திருந்தோம். இந்தமுறை வலி எடுத்ததுமே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மழையில உங்க காரு நடு ரோட்டுல நின்னுட்டா நான் இன்னா பண்றது?" என்று அவள் கேட்டாள். அன்றே கண்ணாடியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் கண்ணாடியை அளவாக வெட்டிக் கொடுத்தார். ரப்பருக்காக அதன் விளிம்பைச் சுற்றி என் கையால் முழம் போட்டேன். ஆறரை முழம். அக்கா பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவள். வரும்போது வாங்கி வரச் சொன்னேன். அவளோ கடைக்காரர் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கி, பூ அளப்பதுபோலத் தன் கையாலேயே ஆறரை முழம் அளந்து வாங்கி வந்துவிட்டாள். அவள் குள்ளம், கையும் குட்டை. வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு சாண் குறைகிறது.

"ஒரு முழம் அளக்கத் தெரியல, நீ இன்னாத்தப் பூ விக்கிற!" என்று கத்தினேன்.

"அட போடா! இத்தினி வருசமா இந்தக் கையிலதான் அளக்கறேன். ஒருத்தங்கூடக் கொறயுதுன்னு சொன்னதில்ல."

மறுபடி கடைக்குப் போக எனக்குப் பொறுமை ஏது? சோப்புத் தண்ணீர் தடவி, அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பட்டையை இழுத்து இழுத்துச் சட்டத்தில் பொருத்தினோம். அக்கா ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இழுத்த ரப்பர் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் காலையில் மனைவிக்கு வலி கண்டது. மழையும் கொட்டு கொட்டென்று கொட்டியது. அவளைப் பின் இருக்கையில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால், மூலையில் பட்டையின் இரண்டு முனைகளும் சுருங்கி விலகியிருந்தன. தண்ணீர் சுவிச்சை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

"சேசுவே!" என்றேன். வண்டியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முன்னால் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். விலகிய முனைகளை இரண்டு கைகளாலும் இழுத்துச் சேர்த்து, கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா முழிக்கிற? ஓட்டு!"

தெருவெல்லாம் வெள்ளம். வண்டி குலுங்கும்போதெல்லாம் ரப்பர் நழுவப் பார்த்தது. பூத் தொடுத்துப் பழகிய விரல்கள் அதை விடவில்லை. பின்னால் முனகல் கேட்டால், திரும்பாமலே, "தோ வந்துட்டோம் கண்ணு" என்பாள். அவள் உதடு மட்டும் செபம் சொல்லிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

மதியத்துக்குள் மகள் பிறந்தாள். அவள் வீறிட்டதைக் கேட்டு நானும் வெட்கமில்லாமல் அழுதேன். ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீ குழந்தையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை.

"நீ வாங்குடா. எனக்கு வெரலு மடங்கினது மடங்கினபடியே நிக்குது."

குழந்தையை வாங்கி அவள் மடியில் கிடத்தினேன். "அக்கா, நான் கத்துனத மனசுல வச்சிக்காத" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நீளாத விரல்களோடு முழங்கையைக் குழந்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு மொழத்துக்கு மேலயே இருக்கா" என்றாள். "ஒண்ணும் கொறயல."