டொலறஸின் நத்தை போன இடம்

லண்டனில், டூட்டிங்கில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் டொலறஸ் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். உடைந்த பிரேம்களை ஒட்டுவதும், எறும்புத் தலையளவு ஆணிகளை முடுக்குவதும்தான் வேலை. சின்னப் பொருள்கள் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கைவினைச் சந்தையில், ஹெதர் என்ற வெள்ளைக்காரச் சிற்பியின் மேசைக்கு முன்னால் நின்றவர் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனார்.

மேசையில் இருந்தவை நெட்ஸ்கே. அந்தக் காலத்து ஜப்பானியர்களின் உடுப்பில் பொக்கெற் கிடையாது. மருந்தையும் புகையிலையையும் சின்னப் பையில் போட்டு, இடுப்புக் கச்சையில் கயிற்றால் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் மேலே கோத்துவிடும் குமிழுக்குத்தான் அந்தப் பெயர். பாக்களவு குமிழுக்குள் ஒரு தவளையோ எலியோ முழுதாகக் குந்தியிருக்கும். ஹெதர் தந்தத்தைத் தொடமாட்டார். மான்கள் தாமாக உதிர்த்த கொம்பு, வைரமேறிய மரம், கல்லுப்போல் இறுகிய ஒருவகைப் பனைவிதை, இவற்றில்தான் செதுக்குவார்.

அன்றைக்கு ஒரு தவளையோடு வீட்டுக்கு வந்த டொலறஸிடம் இப்போது பதினொரு நெட்ஸ்கே இருக்கின்றன. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், பஞ்சு விரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி வைத்திருக்கிறார். மான்கொம்பு நத்தைதான் அவருடைய செல்லம்.

கணவர் கிறிஸ்துராஜாவுக்கு அவையெல்லாம் வெறும் பூச்சிகள். "உம்மட பூச்சியள் சாப்பிட்டிட்டுதுகளோ?" என்று கேட்டுச் சிரிப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சீனி வருத்தம் உண்டு. இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசினும் ஊசியும் உள்ள சின்னப் பையை எங்கே போனாலும் கொண்டுபோகவேண்டும். ஆனால் அந்தப் பையைத் தொலைப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. கோயிலில் விடுவார், மரக்கறிக் கடையில் விடுவார், ஒருமுறை டிராமில் விட்டு அது குரொய்டன் வரை தனியாகப் போய்வந்தது. டொலறஸ் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

போன வசந்தகாலத்தில், நெட்ஸ்கே சேர்ப்பவர்கள் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். ஹெதரும் வருவதாக இருந்தது. ஆளுக்கு ஒரு நல்ல நெட்ஸ்கே கொண்டுவரவேண்டும். டொலறஸ் காலையில் அலுமாரியைத் திறந்தார். நத்தையைக் காணவில்லை. பஞ்சில் அது இருந்த குழி மட்டும் கிடந்தது.

"இஞ்சாருங்கோ! என்ர நத்தையைக் கண்டனீங்களோ?"

கிறிஸ்துராஜா ஜாக்கெற்றைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, "நத்தை தானே, மெள்ளமாத்தான் போயிருக்கும். நேரம் போகுது, வாரும்" என்றார்.

டொலறஸுக்குச் சிரிப்பு வரவில்லை. சோபாவுக்கு அடியிலும் தேடினார். கடைசியில் தவளையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். கிறிஸ்துராஜா காருக்குள்ளும் ஜாக்கெற்றைக் கழற்றவில்லை.

மண்டபத்தில் கூட்டத்தை நடத்தியவர் டாக்டர் குருமூர்த்தி. மதுரைக்காரர். வெள்ளைப் பருத்திக் கையுறை போடாமல் எதையும் தொடவிடமாட்டார். "கை ஈரம் பட்டாலே பாழாயிடும்மா. கண்ணால மட்டும் பாருங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஹீட்டர் கொதித்தது. தேநீர் வந்த நேரம் கிறிஸ்துராஜாவுக்கு வியர்த்து ஊற்றியது. வேறு வழியில்லாமல் ஜாக்கெற்றைக் கழற்றினார்.

இடுப்புப் பட்டிக்கு மேலே நத்தை குந்தியிருந்தது. கீழே கறுப்புச் சப்பாத்துக் கயிற்றில் ஊசிப் பை தொங்கியது.

டொலறஸ் கோப்பையை மேசையில் வைத்தார். "ஐயோ! இதென்ன வேலையப்பா?"

"உம்மட நெட்ஸ்கே புத்தகத்தில படம் பாத்தனான். மூண்டு கிழமையாப் போடுறன், ஒருநாளும் பை துலையேல்லை. பின்னேரம் நீர் வர முன்னம் திருப்பி வைச்சிடுவன். நேற்று மறந்துபோனன்."

"சார், அது கலைப்பொருள் சார்! அதுல போய்..." டாக்டர் ஒரு சோடிக் கையுறையை எடுத்து நீட்டினார்.

டொலறஸுக்கு முகமெல்லாம் எரிந்தது. செய்தவர் முன்னாலேயே இந்த மானக்கேடா என்று நினைத்தார். அதற்குள் ஹெதர் எழுந்து வந்துவிட்டார். கிறிஸ்துராஜாவின் முன்னால் முழந்தாளிட்டு, நத்தையை வெறுங்கையால் தடவிப் பார்த்தார். மூன்று கிழமை உரசலில் அதன் முதுகு தேன்நிறத்தில் மினுங்கியது.

"இருபத்தாறு வருடமாகச் செதுக்குகிறேன். என்னுடையதை ஒருவர் இடுப்பில் போட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார் ஹெதர். பிறகு, "சொல்லுங்கள், எங்கேயாவது இடிக்கிறதா?" என்று கேட்டார்.

கிறிஸ்துராஜா மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னார். நத்தையின் இடப்பக்கக் கொம்பு சீட் பெல்ட்டில் மாட்டுகிறது. குனிந்தால் வயிற்றில் குத்துகிறது.

ஹெதர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் பிழை என்னுடையது. நல்ல நெட்ஸ்கே எங்கேயும் மாட்டக்கூடாது." உடனே கொப்பியை எடுத்து அவருடைய இடுப்பைச் சுற்றிப் படம் வரையத் தொடங்கினார். மற்றவர்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். யாரோ கேட்க, கிறிஸ்துராஜா கால்சட்டையை இழுத்துவிட்டு, நடந்தும் குந்தியும் காட்டினார். டொலறஸுக்கும் கோபம் நிற்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆவணியில் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பனைவிதையில் செதுக்கிய ஒரு நண்டு. கால்களையெல்லாம் வயிற்றுக்குள் மடக்கி, ஆற்றுக்கல்லுப்போல் வழுவழுப்பாக இருந்தது. கிறிஸ்துராஜாவுக்கென்றே செய்தது.

நத்தை அலுமாரிக்குத் திரும்பிப் போகவில்லை. டொலறஸ் அதைத் தன் பட்டியில் போட்டு, கடையில் ஆணிமுடுக்கி உள்ள பையைத் தொங்கவிடுகிறார். கொம்பு அவருக்கு எங்கேயும் மாட்டுவதில்லை. கிறிஸ்துராஜாவும் மாறிவிட்டார். கைவினைச் சந்தைக்குப் போனால் ஒவ்வொரு நெட்ஸ்கேயையும் பட்டியில் வைத்துக் குனிந்து நிமிர்ந்து பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்கிறார்.

"இது ஏலாது. வயித்தில குத்தும்."

"அது உங்கட வயித்தின்ர பிழை," என்கிறார் டொலறஸ், அடுத்த மேசைக்கு நகர்ந்தபடி.